மௌனம் சம்மதமாகுமா?

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம்மவரிடை நெடுநாள் வழங்கிவரும் வாக்கு. அதனை அவ்வாறே ஏற்றல் தகுமோ என்னும் ஐயம் தமிழாசிரியராகிய எமக்கு இலக்கண நூலினின்று பிறக்கவில்லை. ஒரு சிறு மின்சுற்றினின்று பிறந்தது.

இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் மாத்தளை நகரிலே கைப்பேசி முதலிய கருவிகளைத் திருத்துந் தொழில் புரிகின்றார். அவர் மேசையிற் கிடந்த சுற்றுப்பலகை ஒன்றில், மின்வரவு செவ்வனே உள்ளதென ஒரு குறிமுனை காட்டிற்று, கருவியோ இயங்கவில்லை. காரணம் வினவினோம். ஆசிரியர் மாணவரானோம்.

2014ஆம் ஆண்டு வெளிவந்த யூ.எஸ்.பி. சி இணைப்பிலே, சார்ஜரைச் செருகிய மாத்திரத்தில் மின் வழங்கப்படுவதில்லை. கருவியிலுள்ள 5.1 கிலோ ஓம் தடையியைக் கண்டறிந்த பின்னரே சார்ஜர் 5 வோல்ற்று வழங்கும். அதற்கு மேல் 20 வோல்ற்று வரையிலும், 2021இல் வந்த விதிகளின்படி 48 வோல்ற்று வரையிலும் பெறவேண்டின், இருபுறத்து ஐ.சி.களும் தம்முட் பேசி உடன்படல் வேண்டும். அவ்வுடன்பாடு நிறைவேறியதோ என ஏனைய சுற்றுகளுக்கு உரைப்பதே குறிமுனையின் பணி.

அம்முனை பெரும்பாலும் தானே மேலெழுவதில்லை. கம்பியைக் கீழே இழுக்கவோ கைவிடவோ மட்டுமே அது வல்லது. கைவிட்டபோது புறத்தேயுள்ள தடையி அதனை உயர்த்தும். சில ஐ.சி.களிற் கைவிடுதலே ‘நன்று’ எனப் பொருள்படும்; வேறு சிலவற்றிற் கீழிழுத்தலே ‘நன்று’. முதல் வகையில் ஓர் இடர் உண்டு. ஐ.சி. உயிரற்றுக் கிடப்பினும் கம்பியை இழுப்பாரில்லை. வேறொரு மின்வழியோடு பிணைத்த தடையி அதனை உயர்த்திவிட, ‘நன்று’ என்றே சுற்று மயங்கும். இரண்டாம் வகையிலோ, உயிரற்றது இழுக்கமாட்டாது. ஆதலின் அம்மயக்கத்திற்கு இடமில்லை. முதல் வகையைக் கையாள்வோர், அந்த ஐ.சி.க்கு உயிரூட்டும் மின்வழியோடேயே தடையியைப் பிணைத்தல் நலம் என்றார் அவர்.

இதனைக் கேட்டதும் எம் வகுப்பறை கண்முன் தோன்றிற்று. ‘விளங்காதவர் கையுயர்த்துக’ என்கின்றோம். ஒரு கையும் எழாது. யாவர்க்கும் விளங்கிற்றெனக் கொண்டு அடுத்த செய்யுளுக்குச் செல்கின்றோம். எல்கடுவ, இரத்தோட்டைப் பகுதித் தோட்டங்களிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, பேருந்தில் நின்றபடியே வந்து அயர்ந்திருக்கும் பிள்ளையின் கையும் எழாது. அம்மௌனத்தை அறிவென எண்ணிவிடுகின்றோம். பரீட்சை முடிவு வரும்போதே எம் பிழை எமக்குத் தெரிகின்றது. பிள்ளைக்கோ ஓராண்டு போய்விட்டது.

ஆதலின் வினாவை மாற்றுவோம். ‘விளங்கியவர் எடுத்துரைக்க’ என்போம். நாற்பது பேரை ஒரு பாடவேளையில் வினவல் இயலுமோ எனின், இயலாது. நாளொன்றுக்கு ஐவரை வினவினால் எட்டு நாளில் ஒருவரும் எஞ்சார். இதற்குப் பணம் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். கல்லூரியிலிருந்து முறைப்பாடு ஒன்றும் வரவில்லை, ஆகவே யாவும் நன்று என்று இருந்துவிடாதீர்கள். இவ்விழா நாளிலேனும் வகுப்பறைகளுள் வந்து, பிள்ளைகளை வினவிப் பாருங்கள்.