கெளுத்தி அழுக்கைத் தின்று வாழாது

மீன்தொட்டி வைத்திருப்போரிடையே ஊறிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. தொட்டியில் ஒரு கெளுத்தியை விட்டால் போதும். அது மற்ற மீன்களின் கழிவையும் மிச்சத் தீனியையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும், தனியாகத் தீனி கேட்காது, எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும் என்பது அது. ஐந்தாறு ஆண்டு வளர்ந்து முழங்கை நீளம் எட்டிய கெளுத்தி ஒருநாள் காலையில் செத்துக் கிடந்தால், அந்த நம்பிக்கையே இன்னொன்றைப் பெற்றுப்போடுகிறது: மற்ற மீன்கள் நன்றாக இருப்பதால் தண்ணீரில் குறையில்லை, இது காரணம் தெரியாத சாவு. முதல் நம்பிக்கை மீனைக் கொல்கிறது. இரண்டாவது அந்தக் கொலையை மூடி மறைக்கிறது.

இதற்கு அதிகம் பலியாவது, மலேசியாவில் இக்கான் பண்டாராயா எனப்படும் ஒட்டுவாய்க் கெளுத்தி. தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த இது கடையில் விரல் நீளத்தில் விற்கப்படும். வளர்ந்தால் 40 சென்டிமீட்டரையும் தாண்டும். நன்றாகப் பராமரித்தால் 10 ஆண்டுக்கு மேல் வாழும். ஆகவே ஆறு வயதில் செத்த மீனுக்கு முதுமையைக் காரணம் சொல்ல முடியாது. குட்டிச் சுறா என்ற பெயரில் விற்கப்படும் பாத்தினும், செவ்வால் கெளுத்தியும் 1 மீட்டருக்கு மேல் வளரக்கூடியவை. இவற்றுக்கு மூன்றடித் தொட்டி எந்தக் காலத்திலும் போதாது.

நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் இரண்டு செய்திகள் உண்மையே. ஒட்டுவாய்க் கெளுத்தி கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பைச் சுவரின் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி இதையே குடலால் செய்கிறது. ஆனால் பாசி தின்பது கழிவைத் தின்பது ஆகாது. காற்றை விழுங்கத் தெரிந்த மீனுக்கு நஞ்சைத் தாங்கும் திறன் வந்துவிடாது.

எந்தத் தொட்டி மீனும் இன்னொரு மீனின் கழிவைத் தின்று அதை இல்லாமல் ஆக்குவதில்லை. தின்றது எதுவானாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகவும் குடல் வழியாகச் சாணமாகவும் வெளியேறும். நாள் முழுதும் கயிறு கயிறாகக் கழியும் பெரிய கெளுத்திதான் பெரும்பாலும் தொட்டியின் மிகப் பெரிய அழுக்குக் காரணி. உண்மையில் சுத்தம் செய்பவை வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த மாற்றத்தில் தண்ணீரின் காரத்தன்மை செலவாகிறது: 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரம்.

மலேசியாவின் தஞ்சோங் மாலிம் போன்ற ஊரில் இந்தக் கணக்கு முக்கியமானது. ஊரை ஒட்டி ஓடும் பெர்னாம் ஆறு தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் சரிவில் பிறக்கிறது. கருங்கல் நீர் மென்மையானது. அதில் காரம் குறைவு. சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த ஈப்போவின் கிந்தா பள்ளத்தாக்கில் ஊறும் நீர் இதற்கு நேர்மாறு. மென்மையான நீரில் காரம் விரைவில் தீர்ந்துபோகும். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியின் பிஎச் 6-க்கும் கீழே இறங்கும். அப்போது பாக்டீரியாக்கள் மந்தமாகி, அம்மோனியா தேங்கத் தொடங்கும். ஆயினும் அமிலநீரில் அது பெரும்பாலும் நஞ்சற்ற அம்மோனியமாகவே இருப்பதால் மீன்கள் நடமாடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் தொட்டி மங்கலாகத் தெரிகிறது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்புகிறார்கள். மலேசியக் குடிநீர்த் தரம் ஏற்கும் பிஎச் 6.5 முதல் 9 வரை. 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 6 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நஞ்சு வடிவில் இருக்கும்; பிஎச் 8-இல் அது 6 விழுக்காட்டைத் தாண்டும். பிஎச் ஏற ஏற, தேங்கிக் கிடந்தது சில மணி நேரத்தில் பல மடங்கு நஞ்சாகிறது. மறுநாள் காலையில் கெளுத்தி செத்துக் கிடக்க, பழி புதுத் தண்ணீரின் மேல் விழுகிறது. அடுத்த முறை தண்ணீர் மாற்றுவதை இன்னும் தள்ளிப்போடுகிறார்கள். அடுத்த சாவுக்கு அதுவே அச்சாரம்.

வடிகட்டிப் பஞ்சையும் கற்களையும் குழாயடியில் பளிச்சென்று கழுவுவது இன்னொரு வழக்கம். குழாய்நீரின் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிட, சில நாளில் நைட்ரைட் ஏறும். நைட்ரைட், இரத்தச் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். அமெரிக்கக் கெளுத்திப் பண்ணைகளில் இது பழுப்பு இரத்த நோய் என்று அறியப்பட்டது. காற்றை எவ்வளவு விழுங்கினாலும் பயனில்லை, ஏனெனில் சுமக்க இரத்தம் தயாராக இல்லை. செத்த உடனே செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் சாக்லேட் நிறத்தில் இருக்கும்.

மற்ற மீன்கள் உயிரோடு இருப்பதால் தண்ணீர் நல்லது என்ற வாதமும் நிற்காது. ஒரே தொட்டியில் வாழ்ந்தாலும் எல்லா மீனும் ஒரே நிலைமையில் வாழ்வதில்லை. கெளுத்தி கிடப்பது சாணமும் தீனியும் மக்கும் அடித்தளத்தில். ஆக்சிஜன் முதலில் தீர்வதும் அங்கேதான். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. ஆக்சிஜன் பற்றாக்குறையில் பெரிய மீன் முதலில் சாவதும் சிறியது தப்புவதும் குளத்து மீன் வளர்ப்பில் பழகிய காட்சி. விளிம்புவரை நீர் நிரப்பி மூடிய தொட்டியில் மேலே வந்து விழுங்கக் காற்றும் இருக்காது.

மிச்சத்தைத் தின்று வாழும் என்ற எண்ணம் பட்டினிச் சாவில் முடிகிறது. பகலில் போடும் மிதவைத் தீனியை மேல்நீர் மீன்கள் தீர்த்துவிடும். இரவில் மேய வரும் கெளுத்திக்குக் கிடைப்பது வெறும் கண்ணாடி. ஒட்டுவாய்க் கெளுத்தியின் உடலைப் போர்த்திய எலும்புத் தகடுகள் மெலிவை வெளியே காட்டாது. அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பார்த்தால்தான் தெரியும்: தட்டையாகவோ சற்று உருண்டோ இருக்க வேண்டிய வயிறு குழிவிழுந்திருக்கும். அடுத்து கண்கள் உள்வாங்கும். அந்நிலைக்கு வந்த மீனைக் காப்பாற்றுவது கடினம்.

மருந்தும் கொல்லும். வெள்ளைப்புள்ளி நோய்க்காகத் தொட்டி முழுவதற்கும் ஊற்றும் செம்புக் கலவை மென்மையான நீரில் கூடுதல் நஞ்சாகும். செதிலற்ற கெளுத்திகளை அது முதலில் தாக்கும். பெரிய வாய்க் கெளுத்தியோடு சிறிய கோரிடோராஸை விடுவதும் ஆபத்து: விழுங்கப்படும்போது சிறியது மார்புத் துடுப்பு முள்ளை விறைத்துக்கொள்ள, பெரியதன் தொண்டை அடைபடும். 2016-இல் நெதர்லாந்தில் விருந்தொன்றில் உயிருள்ள கோரிடோராஸை விழுங்கிய மனிதருக்கே இப்படி நேர்ந்தது. மருத்துவர்கள் எடுத்த அந்த மீன் இப்போது ரோட்டர்டாம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தனை காரணங்களையும் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் ஏற்றுக்கொண்டது, திருஷ்டி கழிந்தது என்று ஆறுதல் சொல்வாரும் உண்டு. சோதிக்கப்படாத தண்ணீரில் அடுத்த மீனையும் கொண்டுவந்து விடுவதே அந்த ஆறுதலின் பலன். சாகாமல் வளர்ந்துவிட்ட மீனின் கதி வேறு: தொட்டி கொள்ளாதபோது ஆற்றில் விடப்படுகிறது. லங்காட், கிள்ளான் ஆறுகளில் ஒட்டுவாய்க் கெளுத்தி பெருகிக் கிடப்பது மலேசியர் அறிந்ததே. கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிப்பதும், உள்ளூர் மீன்களின் உணவுக்குப் போட்டியிடுவதும் அதன் வேலை.

கெளுத்தி செத்தால் உடலை வீசுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. தொட்டி நீரையும் குழாய்நீரையும் தனித்தனியே எடுத்து அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் சோதிக்க வேண்டும். முதல் இரண்டும் தொட்டியில் சுழியமாக இருக்க வேண்டும். செவுளின் நிறம், வயிற்றின் வடிவம், தொண்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடைசியாகத் தண்ணீர் மாற்றிய நாள், வடிகட்டி கழுவிய நாள், மருந்து ஊற்றிய நாள் மூன்றையும் நினைவுகூர வேண்டும். பிஎச் மிகத் தாழ்ந்திருந்தால் பத்தில் ஒரு பங்காகப் பல நாளில் நீரை மாற்ற வேண்டும். சீரான பிறகு வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு, குளோரின் நீக்கிய நீரால். வடிகட்டியைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். விளக்கணைத்த பின் மூழ்கும் தீனியும் காய்த் துண்டும் கெளுத்திக்கென்றே போட வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகும் விடை கிடைக்காத சாவுக்கு மட்டுமே காரணம் தெரியாதது என்ற பெயர் பொருந்தும்.