மறுத்தால் எழுதி வாங்குங்கள்!

"கண் தெரியாத பிள்ளைக்கு இங்கே வசதியில்லை" என்று தலைமையாசிரியர் கைவிரித்ததும் தலைகுனிந்து வீடு திரும்பும் சகோதரர்களே! நீங்கள் கேட்டது பிச்சையா?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-வது பிரிவைப் படியுங்கள். குறைந்தது 40 சதவீதக் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமையுண்டு. எது என்பது உங்கள் விருப்பம், பள்ளியின் விருப்பமல்ல. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். 40 சதவீதம் இல்லையென்று எழுதும் ஆளை மறுக்கக் கூடாதென உச்சநீதிமன்றமே 2021-ல் தீர்ப்பளித்து விட்டது.

(நம்மவர் நடத்தும் பள்ளிகளில் சாய்தளம் இருக்கிறதா? அதையும் கேட்போம்.)

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் நடந்ததைத் தேதியுடன் எழுதி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு அனுப்புங்கள்.