ஃபேத்ராவை அழித்தது காதலா?

பொருந்தாக் காமம் அழிவைத் தரும் என்னும் ஒரு வரிக்குள் இராசீனின் 'ஃபேத்ரா' நாடகத்தை அடக்கிவிடுவோர் உளர். தேர்வு எழுதும் மாணவர்க்கு அது போதுமானதாகலாம். நூலை ஊன்றிப் படிப்பார்க்கு அவ்வரி நிறைவு தராது. நாடகம் தொடங்குமுன்னரே அவ்வேட்கை ஃபேத்ராவின் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. அதனை எவரிடமும் உரைக்காமல், உணவும் உறக்கமும் ஒழித்து, சாகத் துணிந்தவளாகவே அவள் மேடைக்கு வருகிறாள். அவ்வண்ணமே மாண்டிருப்பின் பிறர் எவர்க்கும் கேடில்லை. வாய் திறந்த பின்னரே கேடு பிறக்கிறது. எனவே, அழிவுக்குக் காரணம் காதலினும் சொல்லே என்பது எம் கருத்து.

1677ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பாரிசு நகரில் முதன்முதலாக நடிக்கப்பெற்ற இந்நாடகத்தின் கதை, கிரேக்கத்தில் யூரிப்பிடீசும் உரோமில் செனெக்காவும் முன்னரே கையாண்டதாகும். ஏதென்சு மன்னன் தீசியசின் மனைவி ஃபேத்ரா. அவனுக்கு அமேசான் மங்கை ஒருத்தியிடம் பிறந்த மகன் ஹிப்போலிட்டஸ். அம்மகன்மேல் மாற்றாந்தாய் கொண்ட வேட்கையே கதைக்கரு.

மன்னன் ஆறு திங்களுக்கும் மேலாக ஊரில் இல்லை. செவிலி ஈனோன் மன்றாடிக் கேட்க, ஃபேத்ரா தன் மறையை முதன்முறை வெளியிடுகிறாள். உடனே மன்னன் இறந்தான் என்னும் பொய்ச்செய்தி வருகிறது. தன் மகனுக்காகப் பரிந்து பேசச் சென்றவள், பேச்சு தடம்புரள, ஹிப்போலிட்டசிடமே உள்ளத்தைத் திறந்துவிடுகிறாள். நாணி, அவன் வாளைப் பறித்துச் சாக முனைகிறாள். வாள் அவள் கையிலேயே தங்கிவிடுகிறது. மன்னனோ உயிருடன் மீள்கிறான். செவிலி இளவரசன்மேல் பழி சுமத்துகிறாள். வாளே சான்றாகிறது.

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு ஈண்டு நினைவுக்கு வரும். ஆங்குப் பின்புறம் கிழிந்த சட்டை உண்மையை உரைத்தது. அதனை நோக்கி ஆராயச் சொல்லவும் ஒருவர் இருந்தார். இங்கோ தீசியஸ் எதனையும் ஆராய்ந்திலன். தந்தையின் மானம் கருதி மகன் உண்மையை உரைத்திலன். கடல் தெய்வத்தை அழைத்து மகனைச் சபிக்கிறான் தந்தை.

நான்காம் அங்கமே நாடகத்தின் உயிர்நிலை எனலாம். மனம் பொறாத ஃபேத்ரா, ஹிப்போலிட்டசைக் காக்கவே மன்னனிடம் வருகிறாள். உண்மை அவள் நாவின் நுனியில் நிற்கிறது. அப்போது, தன் மகன் அரிசியாவைக் காதலிப்பதாகச் சொல்லித் தப்பப் பார்க்கிறான் என்று மன்னன் இகழ்ச்சியாகக் கூறுகிறான். அச்சொல் எழுப்பிய பொறாமை அவள் வாயை அடைத்துவிடுகிறது. சொல்லத்தகாததைச் சொன்னவள், சொல்லவேண்டியதைச் சொல்லாமலே திரும்புகிறாள். இளவரசன் இறந்த செய்தியை எழுபதுக்கும் மேற்பட்ட அடிகளில் ஆசான் வந்து கூறக் கேட்கிறோம். அரங்கில் குருதி சிந்துவது அக்கால நாகரிகத்துக்கு ஒவ்வாது. நஞ்சுண்ட பின்னரே ஃபேத்ரா உண்மையை உரைக்கிறாள்.

பழி சுமத்தும் இழிசெயல் அரசிக்கு ஒவ்வாது எனக் கருதி அதனைச் செவிலிக்கு உரியதாக்கியதாக இராசீன் முன்னுரையில் விளக்குகிறார். இதனை யாம் முழுதும் ஏற்பதற்கில்லை. செவிலி சூழ்ச்சியைக் கூறியபோது ஃபேத்ரா தடுத்திலள். எல்லாவற்றையும் அவள் கையில் ஒப்படைத்தாள். அரசியின் மௌனத்தைக் கவிஞர் குறைத்து மதிப்பிட்டார் போலும்.

இத்தகைய கதை வகுப்பறைக்கு ஆகுமா எனப் பெரியோர் சிலர் ஐயுறுவர். குற்றத்தை எண்ணுவதே குற்றத்துக்கு நிகராக அஞ்சப்படுகிறது என்று இராசீனே எழுதியுள்ளார். கடுமையான சமய ஒழுக்கம் போற்றிய போர்-ரோயால் துறவு மடத்தைச் சார்ந்த பள்ளியில் பயின்றவர் அவர்.

பலரும் கவனியாத விலக்கப்பட்ட காதல் ஒன்றும் இந்நாடகத்தில் உண்டு. அரிசியா பகைக்குலத்தாள். அவளை எவரும் மணக்கலாகாது என்பது தீசியசின் ஆணை. மாசற்ற அக்காதலும் ஹிப்போலிட்டசோடு மடிந்தது. மகனை இழந்த பின்னர், அந்த அரிசியாவையே தன் மகளாக ஏற்கிறான் தீசியஸ்.