நற்செய்திக்கு வேற்றுமொழி ஏன்?

தமிழகத்தின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் கிறித்தவக் கோயில்கள் பல, திங்கள்தோறுமோ பருவந்தோறுமோ இசையரங்குகளைத் தொடராக நடத்தி வருகின்றன. கோயில் முற்றத்திலோ பள்ளித் திடலிலோ மேடை அமைத்து, கட்டணமின்றி, சமய வேறுபாடு பாராது ஊரார் அனைவரையும் அழைத்துப் பாட்டு வழங்கும் பணி அது. ஒரே தெருவில் வாழ்வோர் ஒருங்கே அமர்ந்து ஒரு பாட்டைக் கேட்பதற்குரிய இடங்கள் அருகிவரும் இந்நாளில் அப்பணி பாராட்டத் தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயின், அம்மேடையில் எம்மொழி பாடுகிறது, எப்பண் ஒலிக்கிறது, கீழே அமர்ந்திருக்கும் தமிழ்மகன் வாய் திறக்கிறானா மூடியிருக்கிறானா என்பவற்றைக் கேட்காமல் பாராட்டி நின்றுவிடுதல் தமிழுக்குச் செய்யும் நன்றியாகாது.

முதற்கண் அழைப்பிதழைக் காண்க. ‘காசுபெல் நைட்டு’ என்றும் ‘மியூசிக்கு பெசுட்டு’ என்றும் ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் கோத்து அச்சிட்ட அழைப்பிதழ்கள் எத்தனை! ‘காசுபெல்’ என்று எழுதினால் அதில் காசு தெரிகிறதேயன்றி நற்செய்தி தெரியவில்லை. அச்சொல்லின் வரலாற்றை அறிந்தோர் இதற்கு வருந்தவே செய்வர். நல்ல செய்தி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லை ஆங்கில மக்கள் அப்படியே விழுங்கிவிடவில்லை. பண்டை ஆங்கிலத்தில் நன்மையைக் குறிக்கும் சொல்லையும் செய்தியைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துத் தம் மொழியிலேயே ஒரு சொல் ஆக்கிக்கொண்டனர். அதுவே இன்றைய ஆங்கிலச் சொல்லாகத் திரிந்து நிற்கிறது. ஆங்கிலேயன் தன் மொழியில் ஆக்கிய சொல்லைத் தமிழன் கடன் வாங்குகிறான். ஆங்கிலேயன் செய்த செயலை மட்டும் செய்ய மறுக்கிறான். ‘நற்செய்தி’ என்னும் சொல் கையிலிருக்க, முன்பு வடமொழி வழிவந்த ‘சுவிசேடம்’ என்பதைச் சுமந்தான். இன்று ‘காசுபெல்’ என்பதைச் சுமக்கிறான். சுமை மாறியதே தவிர முதுகு நிமிரவில்லை.

இனி மேடைக்கு வருக. பாடப்பெறும் பாடல்களுள் ஒரு பகுதி முழுதும் ஆங்கிலம். மறுபகுதி தமிழ் எனப்படுவது. அதிலும் தோத்திரம், கிருபை, இரட்சிப்பு, பரிசுத்தம், மகிமை, செபம், ஆராதனை என்று அடிக்கு இரண்டு வடசொற்கள் வந்து அமர்ந்து கொள்கின்றன. போற்றி, அருள், மீட்பு, தூய்மை, மாட்சி, மன்றாட்டு, வழிபாடு என்னும் சொற்கள் தமிழில் இல்லாமலா போயின? அவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நகரக் கோயில்கள் சிலவற்றில் தமிழ்ப்பாட்டின் அடிகளையே ஆங்கில எழுத்தில் எழுதித் திரையில் காட்டுகின்றனர். தமிழ் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளுக்காக என்று விடை கூறுவர். அப்பிள்ளைகளுக்குத் தமிழெழுத்தைக் கற்பிக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் அரை மணி நேரம் ஒதுக்குவதை விடுத்து, எழுத்தையே மாற்றிக் கொடுப்பது நோயைத் தீர்க்காமல் பாயை மாற்றிப் போடுவதாகும். அப்பாயில் பேரன் ஆங்கிலப் பாட்டைக் கத்துகிறான். பாட்டி வாய்மூடி அமர்ந்திருக்கிறாள். நூறு பாடல்களை மனப்பாடமாக அறிந்த அவள் தன் கோயிலிலேயே விருந்தாளி ஆகிவிட்டாள்.

இது மொழிவெறியர் கிறித்தவத்தின்மேல் ஏற்றிச் சொல்லும் குறை என்று எவரும் தள்ளிவிட வேண்டா. கிறித்தவத் திருமறையே இதற்குச் சான்று. ஏசுவின் திருத்தூதர்கள்மேல் தூய ஆவி இறங்கியபொழுது, பல நாடுகளிலிருந்து எருசலேமில் வந்து கூடியிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் அவர்கள் பேசக் கேட்டனர் என்றே திருத்தூதர் பணிகள் கூறுகிறது. அனைவரையும் ஒரே மொழிக்கு மாற்றிய பின்னரே நற்செய்தி கூறப்பட்டது என்று அங்கே இல்லை. கூட்டத்தார்க்கு விளங்காத மொழியில் ஆயிரமாயிரம் சொற்களைப் பேசுவதைவிட விளங்கும் சொற்கள் ஐந்தே மேல் என்னும் கருத்தைப் பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதியுள்ளார். மார்ட்டின் லூதர் இலத்தீன் வழிபாட்டின் நடுவே செருமானிய மொழிப் பாடல்களை ஆக்கி 1524-இல் அச்சேற்றினார். பாட்டு மக்கள் வாய்க்கு வந்தது அவருடைய இயக்கம் மக்களிடையே பரவத் துணைசெய்தது. கத்தோலிக்கத் திருமன்றமும் இரண்டாம் வத்திக்கான் பேரவையில், 1963-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைவிளக்கத்தின் வாயிலாக, வழிபாட்டில் அவ்வந்நாட்டு மொழிக்கு இடமளித்தது. ஆக, தாய்மொழியில் பாடுக என்று கூறுவது கிறித்தவத்துக்கு வெளியிலிருந்து வரும் கட்டளையன்று. அதன் உள்ளிருந்தே எழும் குரல்.

தமிழ்நாட்டில் அக்குரலுக்கு நீண்ட மரபுண்டு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726-இல் 3,615 பாடல்களாலான தேம்பாவணியைத் தமிழ்க் காப்பியமாகவே யாத்தார். இத்தாலிய மொழியைத் தமிழர் தலையில் கட்டவில்லை. நெல்லைச் சீமையிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாத்திரியார் (1774-1864) குறவஞ்சி என்னும் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவிலேயே கிறித்துவைப் பாடிப் பெத்லெகேம் குறவஞ்சி தந்தார். கிருட்டிணப் பிள்ளை ஆங்கில நூலொன்றைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை 1894-இல் வெளியிட்டபொழுது, கதை ஆங்கிலேயருடையதாயினும் கவி கம்பன் வழிப்பட்டதாகவே இருந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் இசை மாநாடு கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு, சிலப்பதிகாரத்தில் புதைந்து கிடந்த தமிழிசை இலக்கணத்தை உலகறியச் செய்தார். மொழிஞாயிறு பாவாணரும் கிறித்தவரே. கிறித்தவக் கீர்த்தனம் இயற்றியவரே. தமிழிசைக்கும் தனித்தமிழுக்கும் இத்தகைய பெருமக்களை ஈந்த ஒரு மக்கட்பகுதியின் கோயில் மேடையில் இன்று தமிழ் கூனி நிற்பது யாருக்கு இழிவு?

இன்னொரு செய்தியும் இங்கு எண்ணத் தக்கது. 1820-களின் இறுதியில் தஞ்சைக் கிறித்தவர்க்கும் புதிதாய் வந்த ஐரோப்பியச் சமயத் தொண்டர்க்கும் பெரும் பூசல் மூண்டது. கோயில் வழிபாட்டினின்று தமிழ்ப் பாட்டையும் இசையையும் விலக்க முனைந்ததை எதிர்த்தவருள் முன்னின்றவர் வேதநாயக சாத்திரியார். அதே பூசலில் அவரும் அவரைச் சார்ந்தோரும் கோயிலில் சாதிப் பிரிவினையைக் காக்கவும் வாதாடினர். அவ்வாதம் முழுதும் தள்ளத் தக்கது. அதை மூடி மறைத்துப் புகழ்பாடுதல் நேர்மையன்று. ஆயின், தமிழன் தமிழில் பாடவேண்டும் என்று அவர் நின்ற நிலை கொள்ளத் தக்கது. சாதியைக் காக்கத் தமிழ் என்பதன்று. சாதியைக் கரைக்கவும் தமிழ் வேண்டும் என்பதே இன்று கொள்ள வேண்டிய முடிவு. மதுரை இறையியற் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலசு அப்பாவு (1940-2005) இதைத்தான் செய்து காட்டினார். உயர்ந்தோர் இசை எனப் போற்றப்பட்ட கருநாடக இசையை மட்டும் கோயிலுக்குரியதாகக் கருதாமல், உழைக்கும் மக்களின் நாட்டுப்புறப் பண்களையும் பேச்சு நடையையும் வழிபாட்டுக்குக் கொண்டுவந்தார். சேரியில் ஒலித்ததனால் தீண்டத்தகாததாய் ஒதுக்கப்பட்ட பறை, தமிழரின் தொன்மை வாய்ந்த இசைக்கருவி. அதற்கு இடமளிக்கும் கோயில் மேடை ஒரே நேரத்தில் தமிழையும் மாந்தநேயத்தையும் காக்கிறது.

மேடையில் கறுப்பின மக்களின் நற்செய்திப் பாடல்களைப் படியெடுத்துப் பாடுவோர்க்கு ஒரு சொல். அவ்விசை பெருமைக்குரியது, பழிக்கத் தக்கதன்று. அதன் வரலாற்றைத்தான் அவர்கள் கற்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட மக்களிடமிருந்து அவர்தம் மொழிகள் பறிக்கப்பட்டன. ஆண்டைகளின் ஆங்கிலமே அவர்க்கு எஞ்சியது. ஆயினும் தம் குரலையும் தாளத்தையும் துயரையும் அவர்கள் விடவில்லை. 1871-இல் நாசுவில் நகரத்துப் பிசுக்குப் பள்ளியின் கறுப்பின மாணவர் குழு, தம் கல்விக்கூடத்திற்குப் பொருள் திரட்ட, அடிமை நாளைய பாடல்களை நாடெங்கும் பாடிச் சென்றது. 1932-இல் சிக்காகோ நகரின் கோயிலொன்றில் தாமசு தோர்சி நற்செய்திப் பாடற்குழுவை அமைத்தார். தெருவிலும் விடுதியிலும் ஒலித்த கறுப்பினத் துயரிசையின் சாயல் அவர் பாட்டில் இருந்ததனால், வெள்ளையர் முறையில் பாடுவதே உயர்வெனக் கருதிய கறுப்பினக் கோயிலார் பலர் அவரைத் தொடக்கத்தில் ஏற்கவில்லை. பின்னர் அவ்விசையே அம்மக்களின் உரிமைப் போராட்டத்திற்கு உயிர்மூச்சாயிற்று. 1963-இல் வாசிங்டன் பேரணியில் மகலியா சாக்சன் பாடியது அவ்விசையையே. மொழி பறிக்கப்பட்ட மக்கள் தம் பண்ணையேனும் காத்து மீண்டனர். மொழி பறிக்கப்படாத தமிழரோ மொழியையும் பண்ணையும் தாமே கழற்றி வைத்துவிட்டு, அம்மக்களின் ஆடையை அணிந்து ஆடுகின்றனர். அவர்களிடமிருந்து கற்க வேண்டியது அவர்தம் மெட்டன்று. தம்மைத் தாமாகவே நிறுத்திக்கொண்ட திண்மை.

மறுப்புகள் இல்லாமலில்லை. வழங்கி வழங்கிச் சில வடசொற்கள் வழிபாட்டில் புனிதம் பெற்றுவிட்டன. அவற்றை மாற்றினால் இறையன்பு குன்றும் என்பர் சிலர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இதற்கு விடை. அதில் சுவிசேடம் நற்செய்தியாயிற்று, பரிசுத்த ஆவி தூய ஆவியாயிற்று, அப்போசுதலர் திருத்தூதராயினர், கர்த்தர் ஆண்டவரானார். அதனால் எவருடைய இறையன்பும் குன்றியதாகத் தெரியவில்லை. புனிதம் சொல்லின் அயன்மையில் இல்லை. சொல்வோன் நெஞ்சில் உள்ளது.

அங்ஙனமாயின் பழம்பாடல்களையும் திருத்தலாமோ என வினவுவர் வேறு சிலர். திருத்தலாகாது. சாத்திரியார் பாடலிலும் கிருட்டிணப் பிள்ளை பாடலிலும் வடசொற்கள் மிக உண்டு. அவை அக்காலத்தின் முத்திரை. ஒரு பாவலன் பாட்டில் பிறர் கைவைத்தல் முறையன்று. பழம்பாடலை உள்ளவாறே பாடுக. புதுப்பாடலைத் தூய தமிழில் யாக்குக. இரண்டே தலைமுறையில் வேறுபாடு தானே விளங்கும்.

இளைஞர்கள் கிதாரும் மின்னிசைக் கருவிகளும் விரும்புகின்றனரே என்பது மூன்றாம் மறுப்பு. கருவியோடு யார்க்கும் பகையில்லை. வயலின் மேனாட்டிலிருந்து வந்தது, ஆர்மோனியமும் அவ்வாறே. அவை தமிழ்ப் பண்ணுக்குப் பணிந்து தமிழ்நாட்டுக் கருவிகளாயின. கிதாரும் அங்ஙனம் பணியட்டும். கருவி பணியாளாக வந்தால் வரவேற்பு. ஆண்டையாக வந்தால் எதிர்ப்பு.

தமிழ் மேடையில் தமிழ் பாட இடமில்லாமல் இருந்த நிலை முன்பும் இருந்ததே. தெலுங்கும் வடமொழியும் அரங்கு முழுதும் நிறைந்திருக்க, தமிழ்ப் பாட்டு இறுதியில் ஒட்டவைத்த துணுக்காய்க் கிடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941-இல் கூடிய மாநாடும், 1943-இல் சென்னையில் நிறுவப்பெற்ற தமிழிசைச் சங்கமும், கேட்போர் எழுப்பிய உரிமைக் குரலும் அந்நிலையை அசைத்தன. கேட்போர் வாளாவிருந்த வரை பாடுவோர் மாறவில்லை. கோயில் இசையரங்கிற்கும் இதுவே பாடம்.

தமிழ்ப் பற்றாளரும் இதில் தம் பங்கை உணர்தல் வேண்டும். கோயில் மேடை சமயத்தாருடையது. அங்கே தமக்கென்ன வேலை என்று இறைமறுப்பாளரும் பிற சமயத்தாரும் ஒதுங்குகின்றனர். இறைவன் உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு. தமிழ் உண்டா இல்லையா என்பது இவ்வழக்கு. கட்டணமின்றி ஊரையே அழைக்கும் மேடையில், பாடல் முடிந்ததும் நடத்துநரை அணுகி, ‘அடுத்த திங்கள் தமிழில் பாடுங்கள்’ என்று பண்போடு கேட்க எவர்க்கும் உரிமை உண்டு. பத்துப் பேர் கேட்டால் புறக்கணிப்பர். நூறு பேர் கேட்டால் எண்ணிப் பார்ப்பர்.

இசையரங்குத் தொடரை நடத்தும் கோயிலார் செய்ய வேண்டியவை மிகவில்லை. அழைப்பிதழைத் தமிழில் அச்சிடுக. பாடல்களைத் தமிழெழுத்தில் பண்ணின் பெயரோடு தாளில் அச்சிட்டுக் கேட்போர் கையில் கொடுத்து, ஒவ்வோர் அரங்கிலும் பாதிப் பாடல்களையேனும் கூட்டத்தாரும் சேர்ந்து பாட விடுக. ஊரிலுள்ள நாகசுரம், தவில், பறைக் கலைஞர்களை உரிய ஊதியம் கொடுத்து மேடையேற்றுக. ஒவ்வோர் அரங்கிற்கும் ஒரு புதுப்பாடலைத் தூய தமிழில் எழுதுவித்து அரங்கேற்றுக. ஆண்டுக்குப் பன்னிரண்டு அரங்கு நடத்தும் கோயில் பத்தாண்டில் நூற்றிருபது பாடல்களைத் தமிழுக்குத் தந்திருக்கும். அவை எந்தச் சங்கமும் திரட்ட இயலாத செல்வமாகும்.

பாடும் மக்களைக் கேட்கும் மக்களாக்குவது இசைப்பணியன்று; ஊமையாக்கும் பணி. தமிழரை அவர்தம் நாவாலேயே பாடவிடுவதுதான் நற்செய்தி. பாட்டியும் பேரனும் ஒரே அடியை ஒரே மூச்சில் பாடும் நாளில் அம்மேடை தன் பெயருக்கு உரியதாகும். அதுவரை அது வாடகை மேடையே.