சிறுநீரக நோயாளியின் குடும்பத்துக்குப் பாதுகாப்பு எங்கே?

2016 பிப்ரவரி 29-ல் நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டைச் சமர்ப்பித்த நிதியமைச்சர் அருண் ஜெட்லி சில உண்மைகளை ஒப்புக்கொண்டார். நாட்டில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் சிறுநீரகம் செயலிழந்த நோயாளிகளாகப் புதிதாகச் சேருகிறார்கள், இவர்களால் 3.4 கோடி தடவை டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது; இருக்கிற வசதி பாதித் தேவைக்குத்தான் காணும்; தடவைக்கு 2,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது என்றார். அத்துடன், அடிக்கடி நெடுந்தூரம் போய்வருவதால் பிரயாணச் செலவும் கூலி இழப்பும் குடும்பங்களை வாட்டுகின்றன என்பதையும் அவரே சொன்னார்.

இந்த ஒப்புதலின் பேரில் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில், தனியார் கூட்டுடன், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசமாக ரத்தம் சுத்திகரிக்க ஏற்பாடாயிற்று. நல்லது. ஆனால் அமைச்சர் சொன்ன கூலி இழப்பு என்ன ஆயிற்று? இயந்திரத்துக்கு வழி சொன்ன திட்டம் நோயாளியின் அடுப்புக்கு வழி சொல்லவில்லை. இதைத்தான் நாம் இன்று கேட்கிறோம்.

சிறுநீரகம் இரவு பகலாகச் செய்கிற வேலையை இயந்திரம் வாரத்துக்கு 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரத்தில் ஓரளவுக்குச் செய்து தருகிறது. ஒரு தடவை தவறினாலும் உடலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகும். ஆகவே நடவு நாள், கூலி நாள், பண்டிகை நாள் என்று எதைக் காட்டியும் இதைத் தள்ளிப்போட முடியாது. கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போய், முறைக்குக் காத்திருந்து, சோர்ந்த உடம்புடன் வீடு திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். வாரத்துக்கு 3 நாள் என்றால் ஆண்டுக்கு 156 நாள். நோயாளி தனியாகப் போய்வர முடியாது; துணைக்கு மனைவியோ மகனோ போக வேண்டும். ஆக ஒரு வீட்டில் இரண்டு பேருடைய 156 நாள் உழைப்பு போகிறது. பஸ் கட்டணம், வழிச் சாப்பாடு, வெளியே வாங்கும் மருந்து இவை வேறு. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு "இலவச" வைத்தியத்தின் விலை இதுதான்!

தமிழ்நாட்டில் நடந்துள்ள நல்ல காரியங்களை நாம் மறைக்கவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றின் வழியாக வீட்டிலேயே சுத்திகரித்துக்கொள்கிறவர்களுக்கு அதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே கொடுக்கப்படுகின்றன. வீட்டு வாசலுக்குப் போகும் வைத்தியம்தான் ஏழைக்குப் பயன்படும் வைத்தியம். ஆனால் இந்த முறைக்குச் சுத்தமான இடமும், தினமும் பல தடவை பை மாற்றும் பயிற்சியும், கிருமி தொற்றினால் உடனே கவனிக்கும் ஆளும் வேண்டும். ஒற்றை அறைக் குடிசையில் வாழ்கிறவர் பையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

வழிகாட்ட ஆள் இல்லாததால் வரும் கேடு கொஞ்சமல்ல. நோயாளிக்கு நல்லது என்று உறவினர் ஆசையோடு வாங்கிவரும் இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தை ஏற்றி அவருக்கே விஷமாகலாம். உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, டயாலிசிஸ் தொடங்கியபின் உடம்புக்குத் தேவையான புரதத்தை ரேஷன் அரிசிச் சோற்றோடு எப்படிச் சேர்ப்பது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். மனம் உடைந்து "இனி வரமாட்டேன்" என்கிற நோயாளியின் கையைப் பிடித்துப் பேசவும், எந்த அலுவலகத்தில் எந்த மனு கொடுப்பது என்று மனைவிக்குச் சொல்லவும் ஒருவர் வேண்டும்.

உரிமைகளின் கணக்கைப் பார்ப்போம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் நீண்டகால நோய்களின் பட்டியலில் சிறுநீரகச் செயலிழப்பு இருக்கிறது. தகுதியுள்ள தொழிலாளிக்கு 2 ஆண்டுகள் வரை கூலியில் 80 சதவிகிதம் கிடைக்க வழியுண்டு. தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற பாதுகாப்பு இது. ஆனால் விவசாயத் தொழிலாளிக்கு, வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு இது இல்லை. மத்திய சர்க்கார் தன் ஊழியர் உறுப்பு தானம் செய்தால் 42 நாள் விசேஷ விடுப்புத் தருவதாக 2023-ல் உத்தரவிட்டது. கணவனுக்காகவோ மகனுக்காகவோ சிறுநீரகம் கொடுக்கும் கூலிக்காரப் பெண்ணுக்கு எத்தனை நாள் கூலி கிடைக்கிறது? குடும்பத்துக்குள் இந்தத் தானம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை மறக்க வேண்டாம். 2016-ன் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளிலும் சிறுநீரக நோய் இடம்பெறவில்லை. வாரத்தில் 3 நாள் இயந்திரத்தோடு கட்டுண்டவர் சட்டத்தின் கண்ணில் முழு உழைப்பாளி!

செய்ய முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் வட்டாரத்தில் காரணம் புலப்படாத சிறுநீரக நோய் ஊர் ஊராகப் பரவிக் கிடக்கிறது. அம்மக்களின் குரல் ஓங்கி ஒலித்த ஆந்திரத்தில், டயாலிசிஸ் நோயாளியின் உதவித்தொகை 2019-ல் மாதம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. ஆட்சி மாறிய பிறகும் அது நீடித்தது. மனமிருந்தால் நிதி இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உதவி கிடைக்காத வீட்டில் கடன் புகுகிறது. கடன் புகுந்த வீட்டுக்குத் தரகன் வருகிறான். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் தாளாமல் சிறுநீரகத்தை விற்ற கொடுமை வெளிவந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசேஷப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. இது புதிய கதையுமல்ல. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்து 2002-ல் வெளியான ஆய்வில், 96 சதவிகிதத்தினர் கடன் அடைக்கவே விற்றார்கள்; விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; 86 சதவிகிதத்தினரின் உடல்நலம் கெட்டது. 1994-லேயே இந்த வியாபாரத்தைச் சட்டம் தடுத்தது. ஆனால் வறுமையைச் சட்டம் தடுக்கவில்லை. தரகனைச் சிறையில் தள்ளுவது அவசியம். அவன் நுழைகிற வாசலை அடைப்பது அதைவிட அவசியம்.

எனவே நாம் கோருகிறோம். முதலாவதாக, ஆந்திரத்தில் உள்ள அளவுக்குக் குறையாத மாத உதவித்தொகை இங்கும் ஒவ்வொரு டயாலிசிஸ் நோயாளிக்கும் வழங்கப்பட வேண்டும். இரண்டாவதாக, நோயாளிக்கும் துணையாளுக்கும் எல்லா அரசு பஸ்களிலும் இலவசப் பிரயாணம் வேண்டும்; தாலுகா ஆஸ்பத்திரி தோறும் இயந்திரமும் அதை இயக்க நிரந்தர ஊழியரும் வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு டயாலிசிஸ் பிரிவிலும் உணவு ஆலோசகரும் சமூக ஊழியரும் நியமிக்கப்பட வேண்டும். நான்காவதாக, அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்கள் மூலம் நோயாளிக்கும், தானம் செய்யும் உறவினருக்கும் இழந்த கூலி ஈடுகட்டப்பட வேண்டும். ஐந்தாவதாக, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படும் மருந்து தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

வருமுன் காப்பதும் இந்தக் கோரிக்கைகளைச் சேர்ந்ததே. சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகத்தின் முதல் எதிரிகள். உப்பளத்திலும் வயலிலும் கொதிக்கும் வெயிலில், நிழலின்றி, குடிதண்ணீரின்றி உழைப்பது அடுத்த எதிரி. கழிப்பிடம் இல்லாததால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பெண் தொழிலாளியை முதலாளியும் சர்க்காரும் சேர்ந்து நோயாளியாக்குகிறார்கள்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதைத் தங்கள் கோரிக்கைச் சாசனத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் இந்நோயால் வாடும் குடும்பங்களின் கணக்கை எடுத்து, அவர்களை ஒன்றுதிரட்டி மாவட்ட ஆட்சியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தனித்தனியாக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் இந்த மக்கள் ஒன்றாக நின்று கேட்டால், சர்க்கார் பதில் சொல்லியே தீர வேண்டும்.