மாலை கழற்றிய மறுநாள்

தைப்பூசம் நெருங்கினால் திண்டுக்கல் சாலைகள் பச்சையும் காவியுமாய் நிறைகின்றன. ஒட்டன்சத்திரம் வழியே பழனிக்குப் போகும் பக்தர்கள், கொப்புளம் கண்ட காலோடும் முருகன் பெயரைச் சொல்லியே நடக்கிறார்கள். தரிசனம் முடிந்து மாலையைக் கழற்றியதும், பலருக்கு அந்த வேகம் ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே வடிந்துவிடுகிறது.

யூதர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இதே மாவட்டத்தின் வட்டக்கானலுக்கு இஸ்ரேலியப் பயணிகள் வந்து தங்குவதால், அவர்கள் நமக்கு அந்நியரும் அல்லர். சுமார் 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத யோம் கிப்பூர் நோன்பு முடிந்த இரவே, பலர் சுக்கோத் திருவிழாவுக்குப் பந்தல் போடத் தொடங்குகிறார்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு வாரம், தழை வேய்ந்த அந்தப் பந்தலில்தான் சாப்பாடு. அதன் நிறைவில், தங்கள் வேதமான தோராவின் கடைசி வரிகளை வாசித்த கையோடு முதல் அத்தியாயத்தையும் தொடங்கிவிடுகிறார்கள்.

வாரந்தோறும் ஓய்வுநாள் முடியும்போது, பின்னல் மெழுகுவத்தி ஏற்றி, கிராம்பு போன்ற வாசனைப் பொருளை முகர்ந்துவிட்டே வேலைநாளுக்குள் நுழைகிறார்கள்.

பக்தியை மனநிலையின் பொறுப்பில் விடாமல் கைவேலையிடம் ஒப்படைத்ததே இதன் பலம்.

நம் அடுப்படிகளிலும் பிடியரிசிக் கலயம் இருந்தது. பழனி போய் வந்த மறுநாளே அதை மீண்டும் வைக்கலாம். உலை வைக்கும்போதெல்லாம் விழும் ஒரு பிடி, அடுத்த தையில் சாலையோர அன்னதானத்துக்குப் போய்ச் சேரும்.