ரெண்டு குட்டி ராடையும் பிடுங்கிப் போடாதீங்க

பழைய ஜீப்புக்கு இப்போ திடீர்னு மவுசு வந்திருக்கு. சந்தோஷம்தான். ஆனா கூடவே ஒரு நோயும் வந்திருக்கு. டவுன்ல பட்டறைக்கு ஜீப்பைக் கொண்டு போனா, முதல்ல கை வைக்கிறது டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலதான். "பாட்டன் காலத்துப் பெட்டிங்க இது. சத்தம் போடும், ஆயில் ஒழுகும். கழட்டிப் போட்டுட்டு ஒத்த ராடு பெட்டி வச்சிடலாம். பட்டன்லயே ஃபோர் வீல் போடுற மாதிரியும் பண்ணலாம்"ங்கிறாங்க. இதுக்குப் பேரு அப்கிரேடாம்.

மலைத் தோட்டத்துல இருந்து வாழைத்தாரும் காப்பி மூட்டையும் இறக்குற ஜீப்புக்கு இது அப்கிரேடே இல்லைங்கிறது என் கட்சி. நல்லா இருக்கிற காலை வெட்டிட்டு கட்டைக்கால் வைக்கிற வேலை.

தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன். பெரிய கியர் ராடுக்குப் பக்கத்துல ரெண்டு குட்டி ராடு இருக்கும். ஒண்ணு முன் சக்கரத்துக்கு இழுவை குடுக்க. இன்னொண்ணு ஹை, நியூட்ரல், லோ மாத்த. ரெண்டும் போய்ச் சேர்ற இடம்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ். பழைய வில்லிஸ், மகிந்திரா சி.ஜே.3பி ஜீப்புல இருக்கிறது ஸ்பைசர் 18னு பேரு. வார்ப்பிரும்புப் பெட்டி, உள்ளே முழுக்கப் பல்சக்கரம். செயின் கிடையாது, ஒயர் கிடையாது.

1941ல போருக்குச் செஞ்ச ஜீப்புலயே இந்தப் பெட்டி உண்டு. போர் முடிஞ்சு 1945ல சி.ஜே.2ஏ வந்தப்ப, அதை விவசாயிக்குன்னே சொல்லி வித்தாங்க. பெட்டிக்குப் பின்னாடி பி.டி.ஓ. மாட்ட வழி வச்சிருந்தாங்க. மரம் அறுக்க, கதிரடிக்க அதுல இருந்தே சுத்து எடுத்துக்கலாம். இது நம்ம வேலைக்குன்னே யோசிச்ச பெட்டிங்க. டவுன்காரர் வந்து நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்கிரேடுன்னா என்னன்னு அந்தக் கம்பெனியே காட்டியிருக்கு. போர்க் காலத்துப் பெட்டியில நடு ஷாஃப்ட் முக்கால் அங்குலம். தேயுதுன்னு தெரிஞ்சதும் ஒண்ணே கால் அரைக்கால் வரைக்கும் போகாம முதல்ல 1 1/8 அங்குலம் ஆக்கினாங்க, அப்புறம் 1 1/4. லோ விகிதம் 1.97ல இருந்து 2.46 ஆச்சு. வெளிப் பெட்டியோட அமைப்பு அதேதான், உள்ளே பலம் கூடிச்சு. எங்க தேயுதோ அங்க தடிமன் ஏத்து, மத்ததுல கை வைக்காதே. அப்கிரேடுன்னா எனக்குத் தெரிஞ்சு அதுதான்.

அந்த 2.46ஐ லேசா நினைக்காதீங்க. சி.ஜே.3பியோட அசல் கணக்கைப் பாருங்க. முதல் கியர் சுமார் 2.8, கிரவுன் பினியன் 5.38. பெருக்கினா 15. லோ போட்டா 37. எஞ்சின் 1000 சுத்து சுத்தறப்ப, பழைய 16 அங்குல டயர்ல சாதா முதல் கியர் மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர் ஓடும். லோவுல 3.6. தடி ஊனிக்கிட்டு நடக்கிற பெரியவர் வேகம். மழை பெஞ்ச மறுநாள் செம்மண் சறுக்குல, பின்னாடி சுமையோட இறங்குறப்ப நம்மைப் பிடிச்சு வைக்கிறது பிரேக் இல்லைங்க, அந்த 37தான். பிரேக்கை மிதிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கும். லோவுல விட்டா எஞ்சினே கயிறு பிடிச்ச மாதிரி இறக்கும்.

இப்போ நடக்கிற கூத்தைப் பாருங்க. அழகுக்குன்னு 31 அங்குல டயர் மாட்டறாங்க. டயர் பெருசானா இழுவை பத்துல ஒரு பங்கு போயிடும். அப்புறம் "லோ பத்தலை"னு பெட்டியைக் குத்தம் சொல்றாங்க. செருப்பைப் பெருசா வாங்கிட்டு காலை மாத்தச் சொல்ற கதை.

புதுசுன்னா ஒசத்தின்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவுல 1972ல ஸ்பைசர் 18ஐ எடுத்துட்டு டானா 20 வச்சாங்க. ஒத்த ராடு, சத்தம் கம்மி. ஆனா லோ விகிதம் 2.03 மட்டும்தான். ரோட்டு ஓட்டத்துக்கு அது நல்ல பெட்டி, மறுக்கலை. மெதுவா ஏறி இறங்குற வேலைக்குப் பின்னோக்கிப் போனதுதான். அது மட்டுமில்லை, ஸ்பைசர் 18ல பின் ஷாஃப்ட் ஒரு பக்கமா ஒதுங்கி வரும், டானா 20ல நடுவுல வரும். பெட்டியை மாத்தினா பின் அச்சையும் மாத்தணும். ஒரு செலவுன்னு சொல்லி உள்ளே கூப்பிட்டு மூணு செலவு வைக்கிறது இப்படித்தான்.

பட்டன் ஃபோர் வீலைப் பத்தி நான் சொல்லவே வேணாம். மாட்டுக் கொட்டகை ஓரமா நிக்கிற வண்டியில எலி ஒயரை என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும். மலை நடுவுல மோட்டார் வேலை செய்யலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க? ராடுன்னா கையில தெரியும். விழுந்துச்சா விழலையான்னு உள்ளங்கையே சொல்லிடும்.

டவுன்காரரை மட்டும் திட்டறதா நினைக்காதீங்க. நம்ம ஊர்லயும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. டீசல் மிச்சம்னு முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு, லோவை மட்டும் போட்டு ஏத்துறது. இந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு ராடு கம்பிக்கும் நடுவுல ஒரு சின்னத் துண்டு இரும்பு இருக்கு. முன் சக்கரத்துக்கு இழுவை குடுக்காம லோ விழவே விடாது அது. ஏன்னா, ரெண்டரை மடங்கு பெருக்கின பலம் பின் ஆக்சில் ஷாஃப்ட் மேல மட்டும் விழுந்தா அது தாங்காது. முன் ஷாஃப்ட் இல்லாம முன் ராடைப் போட்டு லோ போட்டா, அந்தத் துண்டு இரும்பை ஏமாத்தறோம். பின் ஆக்சிலை ஏமாத்த முடியாது. ஏத்தத்துல ஆக்சில் உடைஞ்சா இழுவையும் போச்சு, எஞ்சின் பிடிப்பும் போச்சு. பின்னாடி மூட்டை மேல உக்காந்து வர்றது நம்ம வீட்டு ஆளுங்கதான்.

அதே மாதிரி, தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீங்க. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் இதுல கிடையாது. வளைவுல ஷாஃப்ட் முறுக்கிக்கும், ராடு வெளிய வராது. உடனே சுத்தியல் எடுத்து ராடைத் தட்டறாங்க, ஃபோர்க் வளையுது, அப்புறம் "பெட்டி சரியில்லை"ங்கிறாங்க. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா முறுக்கு விட்டு, ராடு தானா வந்துடும்.

சத்தமும் ஒழுகலும் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. அதுக்கு மருந்தும் இருக்கு. நடு ஷாஃப்ட், அதோட ஊசி பேரிங், ரெண்டு பக்க வாஷர் தேஞ்சிருந்தா மாத்துங்க. ஷாஃப்ட் தேஞ்சா பெட்டி ஓட்டையும் தேஞ்சிருக்கும், லேத்துல காட்டுங்க. கியர்பாக்ஸ் ஆயில் இதுக்குள்ளயோ, இதோட ஆயில் அங்கயோ இறங்கினா நடு சீலைப் பாருங்க. ராடு தானா நழுவுதுன்னா ஃபோர்க், குண்டு, ஸ்பிரிங் மூணுல ஒண்ணு போயிருக்கும். ராடோட அடிப் பின் தேஞ்சு லொடலொடங்குதுன்னா புது பின், புஷ் போடுங்க. ராடு ரொம்ப குட்டையா இருந்தா நீளமா செஞ்சுக்கங்க, குமிழ் மாத்திக்கங்க, யாரு வேணாம்னா? அதெல்லாம் நல்ல அப்கிரேட். அசல் விகிதம் நிஜமாவே பத்தலைன்னா 3.15 விகிதத்துக்குப் பல்சக்கர செட்டே வெளிநாட்டுல இதே பெட்டிக்கு விக்கிறாங்க. அப்பவும் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

வார விடுமுறைக்கு நாலு வழிச்சாலையில ஓட்டறதுக்கு ஜீப் வச்சிருக்கிறவர் எதை வேணா மாட்டிக்கட்டும், அவர் காசு. ஆனா அவருக்குச் சொல்ற யோசனையையே காப்பித் தோட்டக்காரருக்கும் சொல்லாதீங்க. நாம ஒவ்வொருத்தரா இந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டா, இதைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சுக் கோக்கிற நம்ம ஊர் மெக்கானிக்குக்கு வேலை போகும். அவர் ஸ்பானரைக் கீழே வச்சுட்டா, மிச்சம் இருக்கிற ஜீப்பும் நிக்கும். ஜீப் நின்னா, ரோடு போடாத மலைத் தோட்டத்துல விளைஞ்சது அங்கேயே அழுகும்.

அடுத்த தடவை எவராவது "பெட்டியை மாத்திடலாம்"னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "புதுசுல லோ விகிதம் எவ்வளவு?" பதில் தெரியலைன்னா சாவியை வாங்கிக்கிட்டு வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்க.